நான்கு மாடி ஏறி இறங்கிய வெந்நீர்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் வீட்டில் எல்லோரும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண் அறுவை முடிந்து இப்போது பொடி எழுத்துகூட நன்றாகத் தெரிவதாக அக்கா சொன்னாள். அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் காது மந்தம், நான் அடித்தளத்திலிருந்து கத்தினால் நாலாவது மாடி வரைக்கும் கேட்கும், விஷயமோ கத்திச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அக்காவிடம் சொல்லி அனுப்பலாம் என்றால் அவள் பத்தை இருபதாக்கித்தான் உங்களிடம் சேர்ப்பாள். ஆகவே கடிதம். மேலே படிப்பதற்கு முன்னால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அத்தான், நான் அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

எந்தச் சுவிட்சு என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நீங்கள் ஓய்வு பெற்ற அன்று, இந்த அலுவலகக் கட்டிடத்தின் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து, அடித்தளத்தில் மேற்பார்வையாளர் அறை நாற்காலியில் என்னை உட்காரவைத்து, இரண்டே இரண்டு விஷயம் சொன்னீர்கள். ஒன்று, மின்பலகைக்குப் பின்பக்கம் இருக்கிற சிவப்புக் கைப்பிடி சுவிட்சை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. இரண்டு, இந்த நாற்காலியை இந்தச் சுவரை விட்டு நகர்த்தக் கூடாது. மற்றதெல்லாம் போகப் போகத் தானாகத் தெரியும் என்றீர்கள். தெரிந்தது. லிஃப்ட் எந்த மாடியில் முனகும், எந்தக் குழாய் எந்த மாதத்தில் அழும், எந்தக் கதவை உதைக்க வேண்டும், எந்தக் கதவைக் கெஞ்ச வேண்டும் என்று எனக்கு இன்றைக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் நீங்கள் சொன்ன அந்த இரண்டுக்கும் காரணம் கேட்க ஒருநாளும் தோன்றியதில்லை. பெரியவர்கள் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி என்று இருந்துவிட்டேன்.

வினை எங்கிருந்து வந்ததென்றால், தலைமையகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையிலிருந்து. கம்பெனியின் எல்லாக் கட்டிடங்களிலும் மின்சாரமும் தண்ணீரும் மூன்று மாதத்துக்குள் ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும், குறையாத கட்டிடத்தின் பராமரிப்பு வெளி ஒப்பந்தக்காரரிடம் போய்விடும் என்று எழுதியிருந்தது. ஒப்பந்தக்காரர் வந்தால் நான் எங்கே போவது என்பதை எழுதவில்லை. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ரொம்ப வருத்தமான முகத்தோடு, இது உங்களுக்கு நல்ல வாய்ப்பு என்றார். எனக்கு இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி. அதை முடித்துவிட்டு உங்களைப் போல மாலை போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டும், வாசல்வழியாகத் தள்ளப்பட்டுப் போகக் கூடாது என்பதுதான் என் ஒரே ஆசை என்று உங்களுக்குத் தெரியாதா.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆள் நடமாட்டம் இருந்தால் எரிந்து, இல்லாவிட்டால் தானாக அணைகிற விளக்குகளை முதலில் கணக்குப் பிரிவில் போட்டேன். தலைமைக் கணக்கர் எப்படி உட்காருவார் என்று உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் காலத்திலேயே அவர் அசையமாட்டார், இப்போது இன்னும் பக்குவப்பட்டுவிட்டார். அந்த விளக்கு அவரை மேசை நாற்காலியோடு சேர்த்து மரச்சாமான் என்று முடிவுகட்டிப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அணைந்தது. அவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து கையை ஆட்டிப் பார்த்தார். பிறகு புத்திசாலித்தனமாக ஒரு மேசை விசிறி வாங்கி, அதில் காகித நாடா கட்டி, தனக்குப் பதிலாக அது அசையட்டும் என்று விட்டுவிட்டார். வீட்டுக்குப் போகும்போது விசிறியை நிறுத்த மறந்தார். ஆகவே ராத்திரி பகல், விடுமுறை வேலைநாள் என்ற பேதம் இல்லாமல் விசிறியும் ஓடியது, விளக்கும் எரிந்தது. அடுத்தது தண்ணீர். எல்லாக் குழாய்களிலும் தண்ணீரை மெலிதாக விடுகிற மூடி போட்டேன். துப்புரவு அக்காவுக்கு வாளி நிறையக் கால் மணி நேரம் ஆயிற்று, அவள் காத்திருக்கிற ஜாதியில்லை, குழாயைத் திறந்துவைத்துவிட்டு மூன்றாவது மாடியைப் பெருக்கப் போனாள், பெருக்கிய இடத்தில் யாரோடோ பேச்சு வளர்ந்தது, இறங்கி வரும்போது வரவேற்பறையில் கணுக்கால் தண்ணீர். முதல் மாதக் கணக்கு வந்தது. குறையவில்லை அத்தான், கூடியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், எனக்குக் குரங்குகூடச் சரியாக வரவில்லை.

அப்போதுதான் தலைமையகத்திலிருந்து ஆய்வாளர் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். முதுகில் ஒரு பை, கழுத்தில் ஒரு கேமரா, வாயில் பேச்சு கிடையாது. இரண்டே நாளில் எல்லோரும் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கேமரா நம்மைப் படம் பிடிக்கிற கேமரா இல்லை. சூடு எங்கே இருக்கிறதோ அது மஞ்சளும் சிவப்புமாய்த் தெரியும், குளிர்ச்சி நீலமாய்த் தெரியும். அதை வைத்துக்கொண்டு அவள் சுவரைப் பார்ப்பாள், கூரையைப் பார்ப்பாள், ஜன்னல் இடுக்கைப் பார்ப்பாள். இரண்டாவது மாடியில் வேலை பார்க்கிற ஒரு அம்மாளின் மேசைக்குக் கீழே பார்த்தாள், கால் வைக்கும் பலகை என்று துணி போட்டு மூடியிருந்தது செக்கச்செவேலென்று எரிந்தது. துணியை எடுத்தால் உள்ளே ஒரு ஹீட்டர். மேலே ஏசி, கீழே ஹீட்டர், நடுவில் அந்த அம்மாள். வெட்கப்பட்டுக்கொண்டு, பத்தரை மணிக்கும் நாலு மணிக்கும் இங்கே விறைத்துப்போகிறது, நான் என்னதான் செய்வது என்று கேட்டாள்.

இந்தப் பத்தரை, நாலு மணிக் குளிர் விவகாரம் உங்கள் காலத்திலிருந்தே இருக்கிறது. நீங்கள் கோயிலில் சீட்டுப் போட்டுப் பார்க்காததுதான் பாக்கி. நான் ஏசிக்காரனை எட்டுத் தடவை கூட்டிவந்திருக்கிறேன். மீட்டரம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த மாடியின் நடைவழியில், இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்தாள். பத்தரைக்கு எல்லோரும் டீ மெஷினுக்கு வந்தார்கள். மெஷின் ஆவி விட்டது. அதற்கு நேர் மேலே சுவரில்தான் தெர்மோஸ்டாட், அதாவது அறை எவ்வளவு சூடு என்று பார்த்து ஏசிக்குக் கட்டளை போடுகிற பெட்டி. அதன் மூஞ்சியில் ஆவி அடித்ததும், ஐயோ மாடியே வேகிறதே என்று நினைத்துக்கொண்டு அது முழு வேகத்தில் குளிரவைத்தது. அவள் எழுந்து வந்து, டீ மெஷினை நாலு அடி தள்ளி வைக்க முடியுமா சார் என்று என்னைக் கேட்டாள். நானும் காவலாளியும் தள்ளி வைத்தோம். அவ்வளவுதான். அன்றைக்கு நாலு மணிக்கு அந்த அம்மாள் ஹீட்டரைத் தானே கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்தாள். நான் சொல்கிறேன் அத்தான், மந்திரவாதி முட்டைக்குள்ளிருந்து கோழி எடுத்தால்கூட நான் அப்படி வாயைப் பிளந்திருக்கமாட்டேன். பத்தொன்பது வருஷம் நான் அந்த மெஷினில் டீ குடித்திருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

நம்முடைய அறைக்கும் வந்தாள். நான் எழுந்து நின்றேன். கேமராவைச் சுவருக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். இந்த நாற்காலி எப்பவும் இங்கேதானா என்று கேட்டாள். எப்பவும் இங்கேதான், என் அத்தான் வைத்த இடம், அவருக்குப் பின்னால் நான், ஒரு அங்குலம் நகரவில்லை என்று சொன்னேன். உங்களுக்கு முதுகுவலி உண்டா என்று கேட்டாள். சம்பந்தமில்லாத கேள்வியாக இருந்தாலும் பெருமையாகத்தான் பதில் சொன்னேன். இந்த அடித்தளம் வருஷம் பூராவும் ஈரக்குளிர், இறங்கி வருகிறவர்கள் எல்லாம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள், ஆனால் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு முதுகுவலி என்றால் என்னவென்று தெரியாது, கட்டிடத்தை நாம் பார்த்துக்கொண்டால் கட்டிடம் நம்மைப் பார்த்துக்கொள்ளும் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பெரிய மீட்டரில் மாட்டினாள். கட்டிடம் ஒவ்வொரு நிமிஷமும் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அது அவள் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து போனை என்னிடம் காட்டினாள். ஒரு கோடு. வேலைநாளில் மலை மாதிரி ஏறுகிறது, சாயங்காலம் இறங்குகிறது, ஆனால் தரைக்கு வரவில்லை. ஆள் இல்லாத ஞாயிறன்றும் இடுப்பளவு உயரத்தில் நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது. அவள் அந்தக் கோட்டைத் தொட்டு,

"சார், இந்தக் கட்டிடத்துல யாரோ தூங்காம இருக்காங்க" என்றாள்.

இரண்டு பேரும் மாடி மாடியாக ஏறினோம். ஒவ்வொன்றாக அணைத்தோம். கணக்கர் விசிறியை நிறுத்தினோம், பிரிண்டர்களைப் பிடுங்கினோம், டீ மெஷினை அணைத்தோம், மீன்தொட்டி ஒன்றைத் தவிர எல்லாம். ஒவ்வொன்றுக்கும் கோடு ஒரு படி இறங்கியது. நான் சின்னக் குழந்தை மாதிரி, இப்ப பாரும்மா, இப்ப பாரும்மா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் எல்லாம் அணைந்து, கட்டிடமே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்போதும் முழங்கால் உயரத்துக்குக் கோடு நின்றது. மீட்டரம்மா அடித்தளத்துக்கு இறங்கினாள். மின்பலகையைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் டார்ச் அடித்தாள்.

அங்கே உங்கள் கையெழுத்து இருந்தது அத்தான். எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது, கீழே உங்கள் சுருள் கையொப்பம், தேதி. பழுப்பேறிப்போன சீட்டு, ஆனால் எழுத்து ஆணி அடித்த மாதிரி இருக்கிறது.

இது எதுக்கு என்று கேட்டாள். தெரியாது என்றேன். யார் எழுதினது என்று கேட்டாள். எனக்கு முன்னால் இருந்தவர் என்றேன், அத்தான் என்று சொல்லவில்லை, ஆனால் என் முகம் சொல்லியிருக்க வேண்டும். பத்தொன்பது வருஷமா எதுக்குன்னு தெரியாமலா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. நான் அந்தச் சுவிட்சுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது எனக்கே பிறகுதான் தெரிந்தது. இதை அணைத்தால் லிஃப்ட் விழலாம், பக்கத்துத் தெருவே இருண்டு போகலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு,

"நீங்களே அணைங்க சார். ஏதாவது ஆச்சுன்னா உடனே போட்டுடலாம். நான் இங்கேயேதான் நிக்கிறேன்" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை இழுத்தேன். எங்கேயோ ரொம்ப ஆழத்தில், இத்தனை வருஷமாக எனக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்து நான் மௌனம் என்று நினைத்திருந்த ஒரு சத்தம் நின்றது. அவ்வளவுதான். ஒன்றும் விழவில்லை. போனில் கோடு தரையில் படுத்துவிட்டது.

ஆனால் என் மனசு படுக்கவில்லை. ஒரு வாரம் மாடி மாடியாக ஏறி, எங்கே என்ன செத்தது என்று விசாரித்தேன். மூன்றாவது மாடியில் ஒரு செடி வாடியிருந்தது, சுவிட்சினால்தான் என்று நடுங்கினேன், யாரும் தண்ணீர் ஊற்றவில்லையாம். மேலாளருக்குப் பல்வலி வந்தது, அதற்கும் நான்தான் பொறுப்போ என்று இருந்தது. அதற்குள் மீட்டரம்மா பழைய வரைபடத்தைத் தோண்டி எடுத்து, சுவிட்சைப் போடச்சொல்லி, கேமராவில் எனக்குக் காட்டினாள். படிக்கட்டுக்கு அடியில் பலகை அடித்து மூடியிருக்கிற இடத்தில் ஒரு பெரிய வெந்நீர்த் தொட்டி. அதிலிருந்து சுவருக்குள்ளேயே சிவப்புக் கோடாக ஒரு குழாய், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு மாடி ஏறி, உடைந்த நாற்காலிகள் போட்டிருக்கிற அறைக்குப் போய், அங்கே ஒரு திருப்பம் திரும்பி, மறுபடி நாலு மாடி இறங்கித் தொட்டிக்கே வருகிறது. கூடவே தள்ளிவிட ஒரு மோட்டார். வழியில் ஒரு குழாய் கூடத் திறப்பதில்லை. அந்த உடைந்த நாற்காலி அறை, மிதிவண்டியில் அலுவலகம் வந்து குளித்துவிட்டு வேலையில் உட்காருவாரே, அந்தப் பழைய தலைவரின் குளியலறை. அவர் வேலையை விட்டுப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று.

அத்தான், நான் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக, ராத்திரி பகல் ஒரு நிமிஷம் தவறாமல், போன மனுஷன் என்றைக்காவது குளிக்க வருவார் என்று இந்தக் கட்டிடம் வெந்நீர் போட்டு வைத்துக்கொண்டு, நாலு மாடி தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, ஆளில்லை என்று இறக்கிக்கொண்டு வந்திருக்கிறது. இதை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீட்டரம்மா, மொத்தக் கரண்ட்டில் ஏழில் ஒரு பங்கு இதுதான் சார் என்றாள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். சுவிட்சு, டீ மெஷின், கணக்கர் விசிறி எல்லாம் சேர்ந்து போன மாதக் கணக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே குறைந்துவிட்டது. ஆனால் மேலாளர் இன்னும் ஒப்பந்தக்காரரின் கடிதத்தை மேசையில்தான் வைத்திருக்கிறார். ஆய்வறிக்கையில் ஒரு கட்டம் பாக்கி. இந்தத் தொட்டி இத்தனை வருஷம் ஓடியதற்குக் காரணம் என்ன என்று எழுத வேண்டும். நான் போய், என் அத்தான் சொன்னார், நான் கேட்கவில்லை என்று எழுதினால், தன் கட்டிடத்தைத் தெரியாதவன் என்று என்னைக் கைகழுவ அந்த ஒரு வரி போதும். அதைவிட, உங்கள் பேருக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது. நீங்கள் காரணம் இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்காதவர். ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு இடிக்கிறது. தலைவர் போனது அந்த வருஷத் தொடக்கத்தில். சீட்டில் நீங்கள் போட்டிருக்கிற தேதி அதற்கு மூன்று மாதம் கழித்து. குளிக்க ஆளில்லை என்று தெரிந்த பிறகு ஏன் எழுதினீர்கள்? அவர் திரும்பி வருவார் என்று நம்பினீர்களா? அப்படியானால் உங்கள் விசுவாசத்துக்கு முன்னால் நான் தூசு. எதுவானாலும் மறு தபாலில் ஒரு வரி எழுதிவிடுங்கள், அப்படியே கட்டத்தில் எழுதிவிடுகிறேன். சீட்டை யார் கண்ணிலும் படாமல் பிய்த்து இதோடு வைத்திருக்கிறேன். மீட்டரம்மா நேற்று தலைமையகம் திரும்பிவிட்டாள், அறிக்கை இந்த வாரம் போகிறது.

அக்காவுக்கு என் அன்பு. நீங்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறக்காமல் விட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இருவர் ஆசியும் எங்கள் தலைமேல் என்றும் இருக்க வேண்டும்.

உங்கள் வார்த்தையை ஒரே ஒரு தடவை மீறிய,
மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் உடம்பில் குறையில்லை என்று முதல் வரியில் எழுதியது மரியாதைக்காக. எனக்கு மூன்று வாரமாக முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியவில்லை. வயசு என்று நினைத்தேன். இன்று காலை நம் நாற்காலியில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தேன், சுவர் சில்லென்று இருந்தது. அப்போதுதான் உறைத்தது. படிக்கட்டுக்கு அடி என்றால் நம் அறைச் சுவருக்கு மறுபக்கம். தொட்டி சரியாக நம் நாற்காலிக்குப் பின்னால். அணைக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. நீங்கள் சொன்ன இரண்டும் ஒன்றுதான். தலைவர் போன அந்த வருஷம் உங்களுக்கு இடுப்புப் பிடிப்பு வந்து, மூன்று மாதத்தில் தானாகச் சரியாகிவிட்டது என்று அக்கா ஊரெல்லாம் சொன்னதும் ஞாபகம் வந்தது. அத்தான், நான் எழுந்து நின்று அந்தச் சுவரைக் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு, ஒரே ஒரு பத்து நிமிஷம் என்று போய்ச் சுவிட்சைப் போட்டேன். முதுகு அப்படிக் கேட்டது. ஏழாவது நிமிஷம் போன் அடித்தது. மீட்டரம்மா. "சார், யாரு குளிக்கிறாங்க?" என்றாள். யாரும் இல்லம்மா, கை பட்டுடுச்சு என்றேன். பிறகு, "முதுகு எப்படி இருக்கு?" என்றாள். முதல் நாளே பார்த்துவிட்டாள் அத்தான், அந்தக் கேமராவில், சுவரையும் நாற்காலியையும், சிவப்பாக. "அந்தப் படத்தை அறிக்கையில போடல சார். காரணம்னு இருந்த இடத்துல 'முன்பு தேவை இருந்தது'ன்னு நானே எழுதி அனுப்பிட்டேன். பொய் இல்லையே? ஒரு வெந்நீர்ப் பை வாங்கி வச்சுக்குங்க. இப்ப அதை அணைச்சிடுங்க" என்றாள். அணைத்துவிட்டேன். மேலாளர் சற்றுமுன் இறங்கி வந்து, இன்னும் இரண்டு வருஷம் உங்களோடுதான் என்று சொல்லிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனார். ஆகவே மேலே கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். சீட்டை மட்டும் அக்கா பார்க்காமல் கிழித்துப்போட்டுவிடுங்கள்.